வன்னிக் காட்டின் இரவைப் பதிய ஓடியோமொத் போதுமா?

காட்டு இரவின் ஒலியைப் பதிய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் "எந்த மைக் நல்லது?" என்றுதான் தொடங்குவார்கள். இலங்கையின் வட பகுதியான வன்னியில் அதற்கு முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது: இரவு பதினொரு மணிக்கு அந்த மரத்தடியில் ஆள் இருக்கத்தான் வேண்டுமா? பாலை, வீரை, முதிரை மரங்கள் அடர்ந்த காட்டுக்குள் யானை, கரடி, புடையன் பாம்பு என்று பயப்பட நிறைய உண்டு. இவற்றோடு மிருகத் தடத்துக்குக் குறுக்கே கம்பி இழுத்துக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கும் உண்டு. அதற்குப் பன்றியும் ஒன்றுதான், மனிதனும் ஒன்றுதான். மிதிவெடி அபாயச் சிவப்புப் பலகை இன்னும் அகற்றப்படாத துண்டுகளும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கங்களில் இருக்கின்றன. பகலில் பலகை கண்ணில் படும். இரவில் ரோச் லைற் வெளிச்சம் காலடியில் இருக்கும்போது பலகை இருட்டில் மறைந்துவிடும்.

ஆளில்லாமல் தானே ஒலி பதியும் ஓடியோமொத் (AudioMoth) கருவியை இங்கே மதிப்பிடுவது இந்தக் கோணத்தில்தான். ஒலித்தரத்தில் இதைவிட நல்ல கருவிகள் பல உண்டு. பகல் வெளிச்சத்தில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய், ஒரு வாரம் கழித்து இன்னொரு பகலில் வந்து எடுத்துக்கொண்டு போகக்கூடியவை குறைவு. அந்தக் குறைவானவற்றுள் கைக்கெட்டும் விலையில் இருப்பது இது.

இங்கிலாந்தில் சவுதாம்ப்டன், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உருவாக்கியது. ஓப்பன் அகூஸ்டிக் டிவைசஸ் என்ற பெயரில் வெளிவருகிறது. மின்சுற்று வரைபடமும் நிரலும் எல்லோருக்கும் திறந்தவை. இதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை 2018இல் வந்தது. நியூ ஃபொரெஸ்ட் காட்டில் காணாமற்போன சில்வண்டு ஒன்றைத் தேடுவதும், பெலீஸ் நாட்டுக் காட்டில் வேட்டைக்காரரின் வெடிச்சத்தத்தைப் பிடிப்பதும் தொடக்ககால வேலைகள். 58க்கு 48க்கு 15 மில்லிமீற்றர் அளவு. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. மூன்று டபிள்-ஏ பற்றரியோடு சேர்த்து ஏறத்தாழ 80 கிராம். ஒரே மைக், ஆகவே மோனோ. 16 பிட் வேவ் கோப்பாக மைக்ரோ எஸ்டி கார்ட்டில் எழுதும். திரையில்லை, பதிந்ததைக் கேட்க ஹெட்போன் துளையில்லை, பொத்தானும் இல்லை. மூன்று நிலைச் சுவிட்ச் ஒன்று, சிவப்பும் பச்சையுமாக இரண்டு சிறு லைற், அவ்வளவுதான்.

சிம் இல்லை, கமரா இல்லை, அலை பரப்பும் உறுப்பு எதுவுமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சுங்கத்திலும் சோதனைச் சாவடியிலும் கேட்கப்படும் முதல் மூன்று கேள்விக்கும் பதில் அதுதான்.

வாங்குவதில் சிரமம் இருக்கிறது. இணையத்தில் பல சமயம் கூட்டுக் கொள்வனவு முறையில் விற்கிறார்கள். ஒரு சுற்று நிறைந்த பிறகுதான் அனுப்புவார்கள். மாரி தொடங்கும் ஒக்ரோபருக்கு வேண்டுமென்றால் செப்ரெம்பரில் பணம் கட்டிப் பயனில்லை, சித்திரை வைகாசியிலேயே கட்டிவிடவேண்டும். பழைய பதிப்பைக் கைமாற்றாக வாங்குகிறவர்கள் பதிப்பு எண்ணைப் பார்க்கவும். 1.2 பதிப்பில் வெளி மைக் செருகும் 3.5 மில்லிமீற்றர் துளை உண்டு, தண்ணீர் புகாத பெட்டியைத் தனியாக வாங்கவேண்டும். முந்தியவற்றில் அந்தத் துளை இல்லை.

அமைப்பு: கணினியில் செய்துமுடிக்கவேண்டியவை

இலவசச் செயலி ஒன்றை இறக்கி, யூஎஸ்பி வயரால் இணைத்து எல்லாவற்றையும் முன்கூட்டியே நிரப்பவேண்டும். காட்டுக்குள் மாற்ற முடியாதவை இவை. தவறினால் ஒரு வாரம் போய்விடும்.

மாதிரி வீதம், அதாவது ஒரு நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது என்ற எண், 8 முதல் 384 கிலோஹேர்ட்ஸ் வரை இருக்கிறது. பெரிய எண் நல்லதென்று நினைத்து 192ஐத் தட்டுவது வழமையான பிழை. எந்த வீதம் வைத்தாலும் அதில் பாதிவரையான ஒலிதான் பதியும். ஆந்தையின் கூவல் 2 கிலோஹேர்ட்ஸுக்குள் அடங்கும், தவளைகள் பெரும்பாலும் 5க்குள் அடங்கும். பூச்சிகள்தான் மேலே ஏறுகின்றன. ஆகவே பறவைக்கும் தவளைக்கும் 32 போதும், பூச்சியும் வேண்டுமென்றால் 48. வௌவாலுக்கு மட்டும் 192 அல்லது 250. அது தனி வேலை, அதற்கு வேறொரு கார்ட்டோடு வேறோர் இரவு.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 48இல் ஒரு மணி நேரப் பதிவு 346 எம்பி அளவு. மாலை ஆறிலிருந்து காலை ஐந்துவரை 11 மணி நேரம் என்றால் ஓர் இரவுக்கு 3.8 ஜிபி, 32 ஜிபி கார்ட் எட்டு இரவுக்கு வரும். 32 கிலோஹேர்ட்ஸில் அதே கார்ட் பன்னிரண்டு இரவு. ஐந்து நிமிடம் பதிந்து ஐந்து நிமிடம் தூங்கும்படி விட்டால் இரண்டு எண்ணும் இரட்டிக்கும். என்ன இருக்கிறது என்று அறிவதற்கு ஐந்துக்கு ஐந்து போதுமானது. கேட்டு இரசிக்கவோ ஒரு குரலை முழுதாகப் பிடிக்கவோ வேண்டுமென்றால் தொடர் பதிவுதான். இங்கே ஒரு குறை உண்டு. ஒரு நாளைக்கு நாலு நேரப்பகுதிவரை குறிக்கலாம், ஆனால் பதிவு-தூக்கச் சுழற்சி எல்லாவற்றுக்கும் ஒன்றே. அந்தியிலும் விடியற்புறத்திலும் தொடர்ச்சியாக, நடுச்சாமத்தில் விட்டுவிட்டு என்று கலந்து வைக்க வழியில்லை. ஒரே கருவிதான் உண்டென்றால் 5.45 முதல் 9 வரையும், 3.30 முதல் 6 வரையும் தொடர்ச்சியாக வைத்து நடுவை விட்டுவிடலாம். நரியும் புள்ளிமானின் எச்சரிக்கைக் குரலும் நடுவில் வரலாம் என்பது இழப்பு.

சூரியன் மறைவதை வைத்து நேரத்தைத் தானே கணக்கிடும் வசதி புதிய நிரலில் இருக்கிறது. வன்னிக்கு அது தேவையில்லாத நுணுக்கம். நாம் இருக்கும் 9 பாகை அகலக்கோட்டில் கார்த்திகைக்கும் ஆடிக்கும் இடையில் பொழுதுபடும் நேரம் முக்கால் மணி நேரத்துக்குக் கிட்டத்தான் மாறும்.

நேர வலயத்தில் யூரிசியா (உலகப் பொது நேரமா), உள்ளூர் நேரமா என்று செயலி கேட்கும். யூரிசியிலேயே விடுங்கள் என்பது எங்கள் பரிந்துரை. இலங்கை நேரம் யூரிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், இரவு ஏழு மணிக்குத் தொடங்கிய கோப்பின் பெயரில் 133000 என்று விழும், முதலில் குழப்பும். ஆனால் யூரிசியில் திகதி மாறுவது நமக்கு விடியற்காலை 5.30க்கு. ஆகவே மாலை ஆறிலிருந்து விடியும்வரை முழு இரவும் ஒரே திகதியின் கீழ் வந்துவிடுகிறது. உள்ளூர் நேரத்தில் வைத்தால் நள்ளிரவில் திகதி உடைந்து, ஓர் இரவை இரண்டு நாளாகப் பிரித்துவைத்துக்கொண்டு அல்லாட வேண்டியிருக்கும்.

பற்றரியைக் கழற்றினால் கடிகாரம் அழிந்துவிடும். பற்றரி மாற்றும் ஒவ்வொரு முறையும் நேரம் மறுபடி வைக்கவேண்டும் என்று பொருள். மடிக்கணினியைக் காட்டுக்குக் கொண்டுபோக விருப்பமில்லாதவர்களுக்காகச் சைம் என்ற கைப்பேசிச் செயலி இருக்கிறது: கைப்பேசி ஒரு சிறு இசை ஒலியை எழுப்பும், கருவி அதைக் கேட்டு நேரத்தை அமைத்துக்கொள்ளும். நெற்வேர்க் இல்லாத இடத்திலும் கைப்பேசிக் கடிகாரம் சரியாக இருந்தால் போதும்.

குறிப்பிட்ட உரப்புக்கு மேல் ஒலி வந்தால் மட்டும் பதியும் வசதியைத் தொடவேண்டாம். குளிர்நாட்டுக் காட்டுக்கு அது நல்லது. வன்னியில் பெரும்பாலான மாதங்களில் பொழுதுபட்டால் விடியும்வரை சில்வண்டு ஓயாது; அந்த உரப்பு வாசல் எந்நேரமும் திறந்தே கிடக்கும், அல்லது வாசலை உயர்த்தினால் தூரத்து ஆந்தை விடுபடும். சில சுரங்களை நீக்கிப் பதியும் வடிகட்டியும் அப்படித்தான், வீட்டில் கணினியில் வடிக்கலாம், காட்டில் வடித்ததை மீட்க முடியாது. ஒன்றே ஒன்று மட்டும் இதற்கு எதிர்த்திசையில்: யானை. ஆசிய யானையின் தாழ்ந்த உறுமலின் அடிச்சுரம் 14 முதல் 24 ஹேர்ட்ஸ் என்று யானை ஒலி ஆய்வாளர் கேற்றி பெய்னும் உடனாய்வாளரும் 1986இல் வெளியிட்டார்கள். கருவியில் வழமையாக 48 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி இயங்கிக்கொண்டிருக்கும். உறுமலை நாடுகிறவர்கள் அதை நிறுத்தவேண்டும். நிறுத்தினாலும் இச்சிறு மைக்கிடம் பெரிதாக எதிர்பார்க்கவேண்டாம். கிளை முறிவதும், பிளிறலும், உறுமலின் மேற்சுரங்களும் தெளிவாகவே விழும்.

கெய்ன்: இங்கேதான் பெரும்பாலான பதிவுகள் கெடுகின்றன

கெய்ன் என்பது மைக்கில் விழும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அளவு. ஐந்து நிலை உண்டு, நடுவானது மீடியம். வழிகாட்டிகள் மீடியத்தில் விடச்சொல்லும். வன்னிக்கு ஆண்டு முழுவதற்கும் ஒரே எண் செல்லாது.

ஒக்ரோபரில் முதல் பெருமழை விழுந்து இரண்டு மூன்று இரவுக்குள் குளத்து அலைகரையில் எழும் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்பவரோடு கதைக்க முடியாது. நிலத்துக்குள் புதைந்து கிடந்தவை எல்லாம் ஒரே கிழமையில் வெளியே வந்து கத்துகின்றன. பெருவிரல் நகத்தளவு சிறுதவளைகூடத் தன் உருவத்துக்குப் பொருந்தாத சத்தம் போடும். மரத்தவளை தண்ணீருக்கு மேலே நுரைக்கூடு கட்டும் கிளையிலிருந்து பலகையைத் தட்டுவதுபோல் தட்டும். அந்தக் கிழமைகளில் மீடியம் வைத்தால் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். 16 பிட் கோப்பில் வெட்டுப்பட்டதைத் திரும்ப ஒட்ட முடியாது. லோ-மீடியம் வைத்து, கருவியையும் கரையிலிருந்து பின்னால் தள்ளுங்கள். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் குறையும். 10 மீற்றரில் இருந்ததை 40க்குக் கொண்டுபோனால் 12 டெசிபெல் குறைந்துவிடும். பின்னால் தள்ளுவதில் இன்னொரு நன்மை, கரைக்கு அருகில் கத்தும் ஒரே தவளை மற்றதையெல்லாம் மூடிவிடாது.

ஆடி, ஆவணியில் நிலைமை தலைகீழ். குளம் வற்றி, காடு காய்ந்து, இரவு இரண்டு மணிக்குக் காட்டுக்குள் சத்தமே இல்லாத நேரங்கள் வரும். அப்போது மீடியம்-ஹை தேவைப்படும். இந்தக் கருவியின் உண்மையான பலவீனமும் அப்போதுதான் வெளிப்படும்: மைக்கின் சொந்த இரைச்சல். கெய்னைக் கூட்டக்கூட மழை தூறுவதுபோல் ஓர் "ஸ்ஸ்" பின்னணியில் ஏறும். பக்கி என்ற இராப்பறவை ஒன்று நூறு மீற்றருக்கு அப்பால் கூவினால், அது கூவியது தெரியும். சீமெந்துத் தரையில் சிறு பந்து துள்ளித் துள்ளி அடங்குவதுபோன்ற அந்தக் குரலின் அழகு தெரியாது. கணக்கெடுப்புக்கு இது போதும். வானொலிக்கோ படத்துக்கோ கொடுக்கப் போதாது.

பக்கியைப் பற்றிச் சொன்னபடியால் இன்னொன்று: நிலவுள்ள இரவில் அது அதிகம் கூவும். முழுநிலவுக்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் கருவி காட்டில் இருக்குமாறு பயணத்தை அமைத்தால் பற்றரிச் செலவுக்குப் பலன் கூடும்.

கட்டும் இடமும் முறையும்

யானை உரசும் மரத்தைத் தவிர்க்கவேண்டும். குளத்துக்குப் போகும் வழியில் தண்டில் காய்ந்த சேறு அப்பிக்கிடக்கும் மரங்கள் அவை. சேறு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதற்கு மேலே கட்டினால் போதும் என்று எண்ணவேண்டாம், தும்பிக்கை அதற்கும் மேலே எட்டும். சேறில்லாத மரமாகப் பார்த்து, தடத்திலிருந்து இருபது அடியாவது தள்ளி, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே கட்டுங்கள். தண்டு தொடைப் பருமனுக்கு மேல் இருந்தால் பின்பக்க ஒலியைத் தண்டே மறைத்துவிடும். கைப் பருமனுக்கும் தொடைக்கும் இடைப்பட்டது நல்லது. ஆணி அடிக்கவேண்டாம். மரத்துக்காக மட்டுமல்ல, ஆணியடித்த கருவி தண்டின் அதிர்வை அப்படியே வாங்கும். இறப்பர் பட்டியோ சைக்கிள் ரியூப் துண்டோ நடுவில் வைத்துக் கட்டினால் அதிர்வு குறையும்.

காற்றுக்கு ஏற்றபடி பக்கம் மாறவேண்டும். வைகாசியிலிருந்து புரட்டாதிவரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது தண்டின் வடகிழக்குப் பக்கம். வாடை தொடங்கியபின் தென்மேற்குப் பக்கம். சோளகம் வன்னியில் பொழுதுபட்டவுடன் அடங்கும் காற்றல்ல. மைக் துளையில் காற்று நேரே மோதினால் பதிவு முழுக்க "டப் டப்" என்று பறையடிக்கும், அதன் கீழே ஒன்றும் கேட்காது. துளைக்கு முன்னால் ஒரு விரல் தடிப்புக் கடற்பஞ்சு ஓரளவு உதவும். மழைக்காலத்தில் அதே பஞ்சு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஒலியை அமுக்கிவிடும், கழற்றிவிடுங்கள்.

பெட்டி வாங்காதவர்கள் அழுத்தி மூடும் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டுகிறார்கள். மலிவானது, வேலை செய்யும். ஆனால் மைக் துளைக்கு முன்னால் பொலித்தீன் முரசுத்தோல்போல இறுக்கமாக நிற்கவேண்டும். தளர்வாக விட்டால் காற்றுக்குச் சரசரக்கும், மழைத்துளி தகரக் கூரையில் விழுவதுபோல் விழும். சாதாரண சொப்பிங் பை கூடவே கூடாது. உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். மார்கழி விடியற்புறத்தில் பைக்குள்ளேயே பனி நீர் கோர்க்கும். கட்டும் நாடா வழியாக முசுறும் கறையானும் வரும். நாடாவின் இரு பக்கமும் கம்பி சுற்றி அதில் கிறீஸ் பூசினால் ஒரு கிழமைக்குத் தாங்கும். மைக் துளையில் மண்கூடு கட்டும் குளவிக்கு வழி தெரியவில்லை; போகும்போதெல்லாம் துளையைப் பார்ப்பதுதான்.

இடத்தைத் தேரும்போது காதைவிட நாட்காட்டி முக்கியம். மார்கழியில் குளம் வான் பாயும் இடத்துக்குக் கிட்டக் கட்டினால் பதிவு முழுதும் தண்ணீர் இரைச்சல்தான், எல்லா அலைவரிசையையும் அது மூடும். துருசுக்கு (மதகுக்கு) பக்கமும் அப்படியே. சிறுபோகத்தில் வயலோரம் தண்ணீர்ப் பம்பும் லாண்ட்மாஸ்ரர் கை உழவு இயந்திரமும். காலபோக நெல் முற்றும் தை மாசியில் யானைவெடி. கட்டையான கெய்னிலும் அது அலையைக் கிழித்துவிட்டுப் போகும், ஆனால் ஒரு நொடிதான், வெட்டியெறியலாம். ஏ-9 வீதியின் லொறிச் சத்தமும், வவுனியா மாங்குளம் கிளிநொச்சி வழியே போகும் இரவு ரயிலும் அமைதியான இரவில் பல கிலோமீற்றர் வரும். ரயில் வரும் நேரம் தெரிந்ததாகையால், யூரிசிக் கணக்குச் சரியா என்று கோப்பைத் திறந்து சரிபார்க்க அதையே வைத்துக்கொள்ளலாம்.

அனுமதி, அயலவர், சந்தேகம்

ஒதுக்கக் காட்டுக்குள் எதையும் கட்டிவைக்க வனத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வேண்டும். 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. சுண்டிக்குளம், மடு வீதி, வில்பத்து போன்ற தேசியப் பூங்காக்களுக்கு வனசீவராசிகள் திணைக்களம். பூங்காவுக்குள் இரவில் நினைத்தபடி தங்க இடமில்லை, ஆளில்லாக் கருவிக்கு அங்கே பெறுமதி அதிகம். எளிய வழி: காட்டு ஓரத் தனியார் தோட்டம் ஒன்றின் வேலியோர மரம். ஒலிக்கு வேலி தெரியாது.

வன்னியில் மரத்தில் கட்டிய, சிவப்பு லைற் மினுங்கும் சிறு பெட்டியைக் காண்கிறவர் என்ன நினைப்பார் என்று சொல்லத் தேவையில்லை. செயலியில் லைற்றை நிறுத்தும் தெரிவு இருக்கிறது, நிறுத்துங்கள். பெட்டியில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் "பறவை ஒலிப் பதிவுக் கருவி, ஆபத்தில்லை" என்று எழுதித் தொலைபேசி எண்ணும் ஒட்டுங்கள். கிராம அலுவலருக்கும் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கும் முன்பே சொல்லிவையுங்கள். தேன் எடுக்கவும் விறகுக்கும் வருகிறவர்களிடம் சொல்வதும் அதேயளவு முக்கியம். அவர்கள் கதைப்பதும் இதில் பதியும் என்பதை மறைக்காமல் சொல்லி, அப்படிப் பதிந்த பகுதியை அழித்துவிடுவது மரியாதை. வெடிச்சத்தம் பிடிக்கப் பிறந்த கருவி இது என்று தெரிந்தால் சிலருக்குக் கை குறுகுறுக்கும். அந்தத் துண்டு வரலாற்றைக் காட்டுக்குள் பரப்பவேண்டாம்.

பற்றரி, கார்ட்

ஊர்க்கடையில் கிடைக்கும் மலிவு ரோச் பற்றரி பெரும்பாலும் காபன்-துத்தநாக வகை. கொள்ளளவு குறைவு, வெயிலில் ஒழுகிக் கம்பிச்சுருளை அரித்துவிடும். அல்கலைன் என்று எழுதியதையே வாங்குங்கள். மீள்மின்னேற்றும் நிக்கல் பற்றரியும் ஓடும். அதற்குரிய மின்னழுத்தத் தெரிவைச் செயலியில் மாற்றாவிட்டால் மிச்ச அளவைத் தப்பாகக் காட்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு மின் செலவாகும் என்று செயலி ஒரு மதிப்புக் காட்டும். அதை அப்படியே நம்பாமல் மூன்றிலொரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள், செலவு கார்ட்டுக்குக் கார்ட் மாறும். ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியிலும் அந்நேரப் பற்றரி அழுத்தமும் வெப்பநிலையும் எழுதப்பட்டிருக்கும். முதல் வாரத்துக் கோப்புகளில் அந்த எண் எப்படி இறங்குகிறது என்று பார்த்தால் அடுத்த பயணத்துக்கான நாள் தானே தெரியும். வெப்பநிலை இலவசமாகக் கிடைப்பது. தவளைக் குரலின் வேகம் சூட்டோடு மாறுவதால் அதற்கும் பயன் உண்டு.

போலி கார்ட் பெரிய தொல்லை. 64 என்று எழுதியிருக்கும், உள்ளே எட்டுத்தான் இருக்கும். எட்டு நிறைந்தபின் எழுதுவதெல்லாம் காற்றில். புதுக் கார்ட் ஒவ்வொன்றையும் முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும் சோதனைச் செயலியில் ஓட்டியபிறகே காட்டுக்கு எடுத்துச்செல்லுங்கள்.

ஆள் இருந்தே பதியவேண்டுமென்றால்

பக்கியின் குரலை அதன் அழகோடு பிடிக்க விரும்புகிறவர்களுக்கு ஓடியோமொத் ஒரு வேவுக்காரன்தான். அது எட்டு இரவு கேட்டு, எந்த மரத்தில் எத்தனை மணிக்கு என்று சொல்லும். அதன்பின் நல்ல கருவியோடு, இரண்டு பேராக, பழகிய வண்டித் தடத்தில், வாகனத்துக்குக் கிட்ட நின்று ஒரு மணி நேரத்தில் வேலையை முடிக்கலாம்.

அந்த ஒரு மணி நேரத்துக்குச் சூம் எஃப்-3 பதிவுக்கருவி பொருத்தம்: உரத்த ஒலியும் மெல்லிய ஒலியும் ஒன்றாக அடங்கும் 32 பிட் ஃபுளோட் கோப்பு என்பதால் கெய்ன் பற்றிய கவலையே இல்லை, இருட்டில் குமிழ் தடவவேண்டியதில்லை. இதற்கு இரண்டு தரமான மைக் வேண்டும். பிரைமோ ஈஎம்-272 கப்சூல் கொண்ட சிறு மைக்குகளின் சொந்த இரைச்சல் 14 டெசிபெல் அளவு, விலையும் தாங்கும். எஃப்-3இல் செருக மின் மாற்றி இணைப்பு வேண்டும். ரோட் என்டி-1 இன்னும் அமைதியானது, 5 டெசிபெல்லுக்குக் கீழே. ஆனால் கலையக மைக். மார்கழி ஈரப்பதனில் இவ்வகைக் கண்டென்சர் மைக் பொரியத் தொடங்கும். கோடையில் மட்டும் வெளியே எடுங்கள். ஈரத்துக்கு அசையாதது சென்ஹைசர் எம்கேஎச் வரிசை, விலை கேட்டால் நாம் அசைவோம். சூம் எச்-1என் போன்ற சட்டைப்பைக் கருவிகள் தவளைக் காலத்துக்குச் சரி. அமைதியான கோடை இரவில் அவற்றின் இரைச்சலும் ஓடியோமொத்தைப் போலவே முன்னால் வந்து நிற்கும். ஆள் போனால் இன்னொரு செலவும் உண்டு: ஆட்காட்டிப் பறவை. ஒருமுறை அது கண்டுவிட்டால் அடுத்த பத்து நிமிடத்துக்குப் பதிவில் அதுதான் இருக்கும். ஆளில்லாக் கருவியின் பதிவில் நடுச்சாமம் ஆட்காட்டி கத்தினால், கத்தியது உங்களைக் கண்டல்ல என்று தெரியும். அடுத்த சில நிமிடத்தைக் கவனமாகக் கேளுங்கள்.

கேட்பது

எண்பத்தெட்டு மணி நேரத்தை யாரும் காதால் கேட்க முடியாது. ஒடாசிட்டி என்ற இலவச ஒலிச் செயலியில் திறந்து, அலைவடிவத்தை விட்டு, சுரத்தை உயரமாக வரையும் நிறமாலைக் காட்சிக்கு மாற்றிக் கண்ணால் படியுங்கள். சில்வண்டு கிடையான பட்டையாக ஓடும், ஆந்தை அடியில் சிறு வளைவுகளாக நிற்கும், மழை முழுப் பக்கத்தையும் மூடும். பழகினால் ஒரு மணி நேரப் பதிவு மூன்று நான்கு நிமிடத்தில் தெரிந்துவிடும். பறவைக் குரலை இனங்காணும் பேர்ட்நெற் செயலியிடம் கொடுத்து முதல் சல்லடை போடலாம், பறவைக்கு மட்டும். தவளைக் கூட்டத்தைக் கொடுத்தால் நம் காட்டில் இல்லாத பறவையெல்லாம் பட்டியலில் வரும். உறுதியான நல்ல துண்டுகளைச் செனோ-கான்ரோ என்ற பறவை ஒலி இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள், இடத்தைக் கிராம அளவோடு நிறுத்திக்கொண்டு.

கோப்பின் பெயரில் நேரம் இருக்கும், இடம் இருக்காது. மூன்று கருவி, மூன்று கார்ட் என்று வந்துவிட்டால் எது எந்த மரம் என்று ஒரு மாதத்தில் மறந்துபோகும். இதற்குச் சுவிட்சிலேயே வழி இருக்கிறது. கட்டி முடித்தவுடன் டிஃபோல்ற் நிலைக்குத் தள்ளினால் நேர அட்டவணையைப் பாராமல் உடனே பதியத் தொடங்கும். மைக்குக்கு முன்னால் நின்று குளத்தின் பெயர், மரம், உயரம், துளை பார்க்கும் திசை, திகதி, கெய்ன் எல்லாவற்றையும் ஒரு நிமிடம் சொல்லுங்கள். கார்ட் எழுதுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்: சிவப்பு மினுங்கினால் எழுதுகிறது, சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் கார்ட்டில் கோளாறு. பிறகு அட்டவணைப்படி பதியும் கஸ்ரம் நிலைக்குத் தள்ளிவிட்டு நடையைக் கட்டலாம். லைற்றை நிறுத்தி அமைத்தவர்கள் இந்தச் சோதனையை மட்டும் நம்பவேண்டாம். அவர்கள் அதே கார்ட்டையும் பற்றரியையும் முதல் நாள் இரவு வீட்டு முற்றத்தில் ஓடவிட்டுப் பார்த்திருக்கவேண்டும்.

கோடை முடிந்து கருவியைப் பெட்டிக்குள் வைக்கும்போது மூன்று பற்றரியையும் கழற்றிவிட்டு வையுங்கள். மைக் துளையில் தூசி இருந்தால் வாயால் ஊதவேண்டாம், மென்மையான தூரிகை போதும்.